ஊழியர் விவரம் வெளியே போகும்போது: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களில் இயங்கும் தொண்டு நிறுவனங்கள், கூட்டுறவுச் சங்கங்கள், ஆடைத் தொழிற்சாலைகள், கண்ணிவெடி அகற்றும் நிறுவனங்கள், அரிசி ஆலைகள், கடைகள் ஆகியவற்றின் நிர்வாகிகளுக்கும் அங்கு வேலை செய்பவர்களுக்கும் எழுதப்பட்டது. கேள்விகளில் சில முதலாளி பக்கத்தில் இருந்தும் சில ஊழியர் பக்கத்தில் இருந்தும் வருபவை.

மூன்றாம் தரப்பு என்று யாரைச் சொல்கிறீர்கள்?

ஊழியரும் நிறுவனமும் தவிர்ந்த எல்லோரும். வங்கி, ஊழியர் சேமலாப நிதியம், காப்புறுதிக் கம்பனி, டோனர் (திட்டத்துக்கு நிதி தருபவர்), கணக்காய்வாளர், சம்பளக் கணக்கை வெளியில் இருந்து செய்து தருபவர், மேன்பவர் கம்பனி, கைரேகை இயந்திரம் விற்றவர், லீசிங் கம்பனி, வாசலில் நிற்கும் செக்கியூரிட்டி நிறுவனம். ஒருவரும் கணக்கில் எடுக்காத இன்னொருவரும் உண்டு: சந்தியில் ஸ்கேன், அச்சு எடுத்துத் தரும் கொமினிகேசன் கடைக்காரர்.

இவர்களை இரண்டாகப் பிரித்து வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். உங்கள் வேலையை உங்களுக்காகச் செய்பவர் ஒரு வகை. சம்பளக் கணக்கு செய்பவரும் கைரேகை இயந்திரக்காரரும் இதில் அடங்குவர். அவர் கையில் பிழை நடந்தாலும் ஊழியருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான், ஆகவே அவருடன் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். தன் சொந்தத் தேவைக்கு விவரத்தை எடுப்பவர் மற்ற வகை: வங்கி, காப்புறுதி, லீசிங், அரச திணைக்களம். வாங்கிய பிறகு அதற்குப் பொறுப்பு அவருக்கும் வந்துவிடும். ஆனால் கொடுப்பதற்கு உங்களிடம் ஒரு நியாயமான அடிப்படை இருந்ததா என்பது உங்கள் தலையில்தான்.

இதற்குச் சட்டம் இருக்கிறதா?

இருக்கிறது. இலங்கையின் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதன் பகுதிகள் ஒரே நாளில் நடைமுறைக்கு வரவில்லை. நிறுவனங்களின் முக்கிய கடமைகளுக்கு முதலில் குறித்த 2025 மார்ச் 18 பிற்போடப்பட்டது. அதே ஆண்டில் திருத்தமும் நிறைவேறியது. ஒரு குறித்த பிரிவை வைத்து வாதாடப் போகிறீர்கள் என்றால், அந்தப் பிரிவு எந்த நாளில் இருந்து செல்லும் என்று வர்த்தமானியைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

மீறல் ஒன்றுக்கு 10 மில்லியன் ரூபாய் வரை தண்டம் விதிக்க அதில் இடமுண்டு. இனம், மதம், அரசியல் கருத்து, உடல்நலம், கைரேகை போன்ற உயிரியல் அடையாளம், குற்ற வழக்குகள், பிள்ளைகளின் விவரம் ஆகியவை விசேட வகை; இவற்றுக்குக் கட்டுப்பாடு கூட. வன்னியில் ஒரு சாதாரண ஊழியர் கோவையைத் திறந்தாலே இவற்றில் மூன்று நான்கு உள்ளே கிடக்கும்.

நியமனக் கடிதத்திலேயே சம்மதக் கையெழுத்து வாங்கிவிட்டோம். அது போதாதா?

போதாது. "நிறுவனம் விரும்பும் எவருக்கும் என் விவரங்களை வழங்கச் சம்மதிக்கிறேன்" என்ற வரியின் கீழ், வேலை கிடைக்க வேண்டுமே என்ற நிலையில் இருப்பவர் வைத்த கையெழுத்தைச் சுயவிருப்பம் என்று சொல்வது கடினம். தவிர, எதற்கு, யாருக்கு என்பதும் அதில் இல்லை.

சில இடங்களில் சம்மதம் கேட்கவே தேவையில்லை. 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியரின் 8 வீதமும் தொழில்தருநரின் 12 வீதமும் சேமலாப நிதியத்துக்குக் கட்டாயம் போக வேண்டும். 1980 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு 3 வீதம். இவற்றுக்கான விவரத்தைச் சட்டமே கேட்கிறது. அதற்கும் சம்மதப் படிவம் நீட்டினால், "நான் சம்மதிக்கவில்லை" என்று ஒருவர் சொல்லும்போது என்ன செய்வீர்கள்? சம்மதத்தை உண்மையான தெரிவு உள்ள இடத்துக்கு வைத்திருங்கள்: லீசிங்குக்குச் சம்பள உறுதிக் கடிதம், டோனரின் அறிக்கைக்குப் புகைப்படம், வெளி நிறுவனத்துக்குச் சிபாரிசு.

ஒவ்வொருவருக்கும் எந்த அளவு அனுப்பலாம்?

வாங்குபவர் செய்யப்போகும் வேலையை ஒரு வரியில் எழுதுங்கள். அந்த வேலைக்குத் தேவைப்படாத நிரல் (பட்டியலின் நெடுவரிசை) எதுவும் போகக்கூடாது.

வங்கிக்கு: கணக்கில் உள்ளபடி பெயர், கணக்கு இலக்கம், கிளைக் குறியீடு, கையில் கிடைக்கும் சம்பளம். அடிப்படைச் சம்பளம், கழிவுகள், முற்பணம் எதுவும் வேண்டாம். சேமலாப நிதியப் பங்களிப்பைக் காட்டும் சி படிவத்துக்கு: பெயர், தேசிய அடையாள அட்டை இலக்கம், அங்கத்தவர் இலக்கம், மொத்த உழைப்பு, பங்களிப்பு. காப்புறுதிக்கு: பெயர், பிறந்த திகதி, சேர்த்துக்கொள்ளும் குடும்பத்தவர். காப்புறுதித் தொகை சம்பளத்தை வைத்துக் கணிக்கப்பட்டால் மட்டும் சம்பளம். வாசல் செக்கியூரிட்டிக்குப் பெயரும் படமும் போதும். வீட்டு விலாசமும் தொலைபேசி இலக்கமும் உள்ள பட்டியல் காவல் கூண்டின் சுவரில் ஒட்டியிருப்பதைப் பல இடங்களில் காணலாம், அதை இன்றே கழற்றுங்கள்.

கண்ணிவெடி அகற்றும் அணியில் இரத்த வகையும் அவசரத் தொடர்பு இலக்கமும் களத்தில் இருந்தே ஆக வேண்டும். அவை மருத்துவ உதவியாளரிடமும் அவரவர் அட்டையிலும் இருக்கட்டும். தலைமையகத்துக்கு மாதாமாதம் போகும் ஊழியர் பட்டியலில் அந்த நிரலுக்கு வேலை இல்லை.

அடையாள அட்டை இலக்கம்தானே, அதில் என்ன இருக்கிறது?

பிறந்த திகதியும், ஆணா பெண்ணா என்பதும் இருக்கிறது. 12 இலக்க அட்டையில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதனோடு 500 கூட்டப்பட்டிருக்கும். 1992561 என்று தொடங்கினால் அவர் ஒரு பெண்; 561 இல் 500 போக 61; பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்று எண்ணுவதால் அது மார்ச் 1. பழைய ஒன்பது இலக்க அட்டையில் முதல் ஐந்திலேயே இதெல்லாம் வந்துவிடும்.

ஆகவே "பிறந்த திகதியை எடுத்துவிட்டோம், இலக்கம் மட்டும்தான் இருக்கிறது" என்பதில் பொருளில்லை. சம்பளச் சிட்டைக் கோப்புக்கு அடையாள அட்டை இலக்கத்தையே கடவுச்சொல்லாக வைக்கும் வழக்கத்தையும் விடுங்கள். பக்கத்து மேசையில் இருப்பவருக்கும் அது தெரியும்.

டோனர் எல்லோருடைய சம்பளச் சிட்டையையும் கேட்கிறார். மறுத்தால் பணம் நிற்கும். என்ன செய்வது?

மறுக்க வேண்டியதில்லை, கேள்வியைத் திருப்பிக் கேளுங்கள்: எதை உறுதிப்படுத்தப் போகிறீர்கள்? பெரும்பாலும் பதில், "இந்தத் திட்டத்துக்கு எழுதிய சம்பளம் உண்மையில் கொடுக்கப்பட்டதா" என்பதாக இருக்கும். அதற்குப் பெயருக்குப் பதில் ஊ-01, ஊ-02 என்று குறியீடு, பதவி, திட்டத்துக்கு ஒதுக்கிய வீதம், தொகை ஆகியவை உள்ள அட்டவணையும் வங்கி மாற்றத்தின் மொத்தத் தொகைக்கான சான்றும் போதும். எந்தக் குறியீடு யாருடையது என்ற பட்டியல் வேறொரு கோப்பில், ஒருவர் பொறுப்பில் இருக்கட்டும். மூலச் சிட்டைகளைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் கணக்காய்வாளர் அலுவலகத்துக்கு வந்து, உங்கள் மேசையில் வைத்துப் பார்க்கலாம். போனில் படம் எடுக்கக் கூடாது என்பதை முன்கூட்டியே கடிதத்தில் சொல்லிவிடுங்கள்.

ஆனால் பெயரை எடுத்ததும் ஆள் மறைந்துவிடுவார் என்று நினைப்பதுதான் இங்கே நடக்கும் பெரிய பிழை. கொழும்பில் ஆயிரம் பேர் வேலை செய்யும் இடத்தில் "பெண், சாரதி" என்றால் யாரென்று தெரியாது. துணுக்காய்க் கள அலுவலகத்தில் ஏழு பேர்; அதில் "பெண், சாரதி" என்றால் ஊருக்கே தெரியும், அவருடைய சம்பளமும் அன்று பின்னேரமே தெரியும். எனவே சிறிய அலுவலகங்களைத் தனித்தனியே காட்டாமல் மாவட்டமாகச் சேருங்கள். சரியான பதவிப் பெயருக்குப் பதில் தரநிலை எழுதுங்கள்.

இதைவிடப் பாரதூரமானது வேறு நிரல்கள். புனர்வாழ்வு பெற்ற முன்னாள் போராளியா, குடும்பத்தில் காணாமல் ஆக்கப்பட்டோர் உண்டா, உடலில் செல் (எறிகணை) துண்டு இருக்கிறதா, பெண் தலைமைக் குடும்பமா. திட்ட முன்மொழிவுக்கு எண்ணிக்கை தேவைப்பட்டதால் ஒருமுறை சேகரித்திருப்பார்கள், பிறகு அது ஊழியர் பட்டியலோடு ஒட்டிக்கொண்டு வருடக்கணக்காகப் பயணம் செய்யும். டோனருக்குத் தேவை எண்ணிக்கை என்றால் எண்ணிக்கையை மட்டும் கொடுங்கள். ஐந்துக்குக் குறைவாக இருந்தால் "5 இற்குக் குறைவு" என்று எழுதுங்கள். மொத்தத்தில் இருந்து மற்றவற்றைக் கழித்து அந்த எண்ணைப் பிடித்துவிட முடியுமா என்றும் ஒருமுறை பாருங்கள். முடிந்தால் இன்னொரு கட்டத்தையும் மறைக்க வேண்டும்.

எக்செல் கோப்பில் தேவையில்லாத நிரல்களை மறைத்து அனுப்பினோம். பிறகும் எப்படி வெளியானது?

மறைப்பது என்பது அழிப்பது அல்ல. வாங்கியவர் இரண்டு நிரல்களைச் சேர்த்துத் தெரிவுசெய்து, வலது பொத்தானை அழுத்தி, மறைத்ததை மீண்டும் காட்டலாம். மறைத்த தாளும் அப்படியே. தரவைத் தொகுத்து மொத்தம் காட்டும் பிவட் அட்டவணை இன்னும் ஆபத்து: மூலத் தாளை அழித்தாலும் அதன் தரவு பிவட்டுக்குள் தங்கியிருக்கும், மொத்தத்தின் மேல் இரண்டு தடவை சொடுக்கினால் ஆள் ஆளாக விரிந்துவிடும். வேர்ட் கோப்பில் எழுத்தின் மேல் கறுப்பு நிறம் பூசுவதும் பயனில்லை. நகல் எடுத்து வேறிடத்தில் ஒட்டினால் எழுத்து வந்துவிடும்.

சரியான முறை: புதிய கோப்பு ஒன்றைத் திறவுங்கள். தேவையான நிரல்களை மட்டும் நகலெடுத்து "பெறுமதிகள்" ஆக ஒட்டுங்கள். சேமித்து, மூடி, மீண்டும் திறந்து, எத்தனை தாள் இருக்கிறது என்று பாருங்கள். பிறகு கோப்புத் தகவல் பக்கத்தில் உள்ள கடவுச்சொல் குறியாக்கத்தைப் போடுங்கள். தாளைப் பூட்டும் "புரொடெக்ட் சீட்" திருத்துவதைத் தடுக்குமே தவிர வாசிப்பதைத் தடுக்காது. கடவுச்சொல்லை அதே மின்னஞ்சலில் எழுதாமல் போனில் சொல்லுங்கள்.

அனுப்பும் பொத்தானை அழுத்த முன் பெறுநரின் முழு முகவரியை வாசியுங்கள். இரண்டு எழுத்து அடித்ததும் மின்னஞ்சல் தானாக ஒரு பெயரைப் போடும். அது வங்கியில் இருக்கும் குமாரா, உரக் கம்பனிக் குமாரா என்று அதற்குத் தெரியாது. கூகுள் டிரைவ் என்றால் "இணைப்பு உள்ள எவரும்" என்பதை விட்டு, குறித்த முகவரிக்கு மட்டும் அனுமதி கொடுங்கள், வேலை முடிந்ததும் அனுமதியை எடுங்கள்.

எங்கள் கிளையில் ஸ்கேனர் இல்லை. கொமினிகேசனில் கொடுத்துத்தான் அனுப்புகிறோம்.

அங்கே என்ன நடக்கிறது என்று ஒருமுறை கூர்ந்து பாருங்கள். நீங்கள் வட்ஸ்அப்பில் கடையின் இலக்கத்துக்கு அடையாள அட்டைப் படங்களை அனுப்புகிறீர்கள். கடைக் கணினியில் வட்ஸ்அப் நாள் முழுவதும் திறந்திருக்கும். படம் டவுன்லோட்ஸ் கோப்புறையில் இறங்கும். அச்சடிக்கும்போது சாய்ந்துபோன முதல் தாள் மேசைக்குக் கீழே உள்ள பெட்டிக்குள் போகும். அந்தப் பெட்டித் தாள்கள் நிறைந்ததும் எடைக்குப் போகின்றன. பிறகு தேநீர்க் கடையில் வடை சுற்றிக் கொடுக்கும் தாளைப் பிரித்தால் யாரோ ஒருவரின் சம்பள விவரம் இருக்கும். நாட்டில் எந்த ஊரிலும் பார்க்கக்கூடிய காட்சிதான் இது.

தவிர்க்க முடியாவிட்டால், பென் டிரைவில் அந்த ஒரு கோப்பை மட்டும் கொண்டுபோங்கள். அதிலிருந்தே நேரடியாகத் திறந்து அச்சடிக்கச் சொல்லுங்கள், கணினிக்கு நகலெடுக்க விடாதீர்கள். பழுதான தாளையும் எண்ணி வாங்குங்கள். கண்ணாடியின் மேல் மூல அட்டையை மறந்துவிட்டு வருவது அடிக்கடி நடக்கும். மூடியைத் திறந்து பார்த்துவிட்டு வெளியேறுங்கள். கடையில் உங்கள் மின்னஞ்சலைத் திறந்திருந்தால் வெளியேறி, பிரவுசரில் கடவுச்சொல் சேமிக்கப்படவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். உண்மையில், ஒரு சாதாரண போன் ஸ்கேன் செயலியும் அலுவலக மின்னஞ்சலும் இருந்தால் இந்தப் பயணமே மிச்சம்.

முல்லைத்தீவில் இருந்து வவுனியாவுக்கு பஸ் நடத்துனரிடம் கோவையைக் கொடுத்து அனுப்புவதும் வழக்கம். அவசரத்துக்கு அனுப்பினால் உறையை ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேல் கையெழுத்திட்டு, வெளியே "சம்பளப் பட்டியல்" என்று எழுதாமல் அனுப்புங்கள். நேரம் இருந்தால் பதிவுத் தபால்.

கைரேகை இயந்திரம் பழுது. திருத்துபவர் கழற்றிக்கொண்டு போகலாமா?

அதற்குள் எல்லோருடைய கைரேகை வார்ப்பும் பெயரும் வரவு நேரமும் இருக்கின்றன. கடவுச்சொல்லை மாற்றலாம், விரலை மாற்ற முடியாது. இயந்திரம் இயங்குமானால், முதலில் வரவுப் பதிவைப் பிரதி எடுத்துவிட்டு நிர்வாகிப் பட்டியலில் போய்ப் பாவனையாளர் தரவு முழுவதையும் அழித்த பின் கொடுங்கள். இயங்காவிட்டால் அங்கேயே வைத்துத் திருத்தச் சொல்லுங்கள். கொண்டுபோயே ஆக வேண்டும் என்றால் தொடர் இலக்கத்தைக் குறித்து, தரவைப் பிரதி எடுக்கமாட்டேன் என்று கையெழுத்து வாங்குங்கள். புதிய இயந்திரம் தந்து பழையதைக் கழிவாக எடுக்கும் விற்பனையாளரிடமும் இதே கவனம் வேண்டும்.

லீசிங் கம்பனியில் இருந்து போன் எடுத்து, "இன்னார் உங்களிடமா வேலை, சம்பளம் எவ்வளவு" என்கிறார்கள்.

போனில் ஒன்றும் சொல்லாதீர்கள், ஆம் என்றுகூட. கடன் கொடுக்க முன் விசாரிப்பவரும், தவணை தவறியவரைத் தேடுபவரும் ஒரே மாதிரித்தான் பேசுவார்கள். "எழுத்தில் கேளுங்கள், ஊழியரின் கையெழுத்திட்ட சம்மதத்தையும் இணையுங்கள்" என்று சொல்லி வையுங்கள். வந்த பிறகும் கடிதத்தை ஊழியரின் கையில் கொடுப்பது நல்லது. எங்கே கொடுப்பது என்று அவர் பார்த்துக்கொள்வார். நுண்கடன் அறவிட வருபவரை அலுவலகத்துக்குள் விட்டு, மற்ற ஊழியர் முன்னிலையில் பேச அனுமதிப்பதும் விவரத்தை வெளியிடுவதுதான்.

பொலிஸ், புலனாய்வு என்று சொல்லிச் சிவில் உடையில் வந்து ஊழியர் பட்டியல் கேட்கிறார்கள். கொடுக்க வேண்டுமா?

வாக்குவாதப்பட வேண்டாம், உடனே அச்சடித்தும் கொடுக்க வேண்டாம். இப்படியான கேள்விகளுக்குப் பதில் சொல்லும் ஒருவரை நிறுவனம் முன்கூட்டியே பெயர் குறித்து வைத்திருக்க வேண்டும். வாசலில் நிற்பவரோ தட்டச்சு செய்பவரோ முடிவெடுக்கக் கூடாது. அந்தப் பொறுப்பாளர் பெயர், பதவி, அலுவலக அடையாள அட்டை ஆகியவற்றைப் பார்த்துக் குறித்துக்கொண்டு, எந்தச் சட்டத்தின் கீழ், எதற்காக, எந்த விவரம் என்று கடிதத் தலைப்பில் எழுதித் தரும்படி கேட்கட்டும். நீதிமன்றக் கட்டளை இருந்தால் அதில் உள்ளதைக் கொடுக்க வேண்டும், அதற்கு மேல் வேண்டாம். தொழில் உத்தியோகத்தர் சம்பளப் பதிவேடுகளைப் பார்க்க அதிகாரம் உள்ளவர். அவருக்கும் அடையாள அட்டையைப் பார்த்த பின் காட்டுங்கள்.

வந்த திகதி, நேரம், கேட்டது, கொடுத்தது எல்லாம் ஒரு சீ.ஆர். கொப்பியில் அன்றே ஏறட்டும். சட்டம் தடுக்காதவரை உரிய ஊழியர்களுக்கும் சொல்லுங்கள். மிரட்டல் இருந்தால், அரச அதிகாரிகளின் செயல் என்பதால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் வவுனியா பிராந்திய அலுவலகத்தில் முறையிடலாம்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டால்?

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம், அரசாலோ வெளிநாட்டு அரசாலோ சர்வதேச அமைப்பாலோ கணிசமாக நிதி பெற்று மக்களுக்குச் சேவை செய்யும் தொண்டு நிறுவனங்களையும், அந்தச் சேவை தொடர்பான அளவில், உள்ளடக்கும். பொது நலனோடு தொடர்பில்லாத தனிப்பட்ட விவரத்தை மறுக்க அதே சட்டத்தில் இடமுண்டு. திட்டச் செலவைக் கொடுங்கள். சாரதியின் வீட்டு விலாசத்தைக் கொடுக்க வேண்டியதில்லை.

சம்பளக் கணக்கு செய்பவருடன் ஒப்பந்தத்தில் என்ன எழுதுவது?

அரைப் பக்கம் போதும். விவரம் எந்த வேலைக்கு மட்டும். யார் யார் திறக்கலாம். எந்தக் கணினியில் இருக்கும். வேறொருவருக்கு வேலையைக் கைமாற்ற உங்கள் எழுத்து அனுமதி வேண்டும். கசிந்தால் 24 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். வேலை முடிந்தால் திருப்பித் தந்து, தன்னிடம் உள்ளதை அழித்து, அழித்ததாகக் கடிதம் தர வேண்டும். வழக்கமாகப் பிழை நடப்பது, யார் திறக்கலாம், எந்தக் கணினியில் என்ற இரண்டில்தான். கணக்காளரின் உதவியாளர் தன் சொந்த மடிக்கணினியில் வேலை செய்வார். ஆறு மாதத்தில் வேறிடம் போவார். கோப்பும் அவரோடு போகும்.

மருத்துவக் காப்புறுதிப் படிவத்தை முகாமையாளர் ஊடாகத்தான் கொடுக்க வேண்டுமா?

அவர் உறுதிப்படுத்த வேண்டியது நீங்கள் அங்கே வேலை செய்கிறீர்கள் என்பதை மட்டும். அந்தப் பக்கத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, நோய் விவரமும் மருந்துச் சிட்டையும் உள்ள பக்கங்களை ஒட்டிய உறையில் வைத்துக் கொடுங்கள்.

கசிந்துவிட்டது. முதல் வேலை என்ன?

பழி யாருடையது என்று தேடுவது பிறகு. அனுப்பிய மின்னஞ்சலை மீளழைக்க முயன்று நேரத்தை வீணாக்காமல் தவறாகப் பெற்றவருக்கே போன் எடுங்கள். திறக்காமல் அழித்து, அழித்ததாக ஒரு வரி எழுதி அனுப்பச் சொல்லுங்கள். பகிர்ந்த இணைப்பு என்றால் உடனே மூடுங்கள். என்ன விவரம், எத்தனை பேருடையது, எத்தனை மணிக்கு என்று எழுதுங்கள். வங்கிக் கணக்கு இலக்கம் போயிருந்தால் வங்கிக்கும், யாருடைய விவரமோ அவர்களுக்கும் அன்றே சொல்லுங்கள். "வங்கியில் இருந்து பேசுகிறோம், ஓ.ரி.பி. (ஒருமுறைக் கடவுச்சொல்) சொல்லுங்கள்" என்று வரும் அழைப்பில் அவர்களுடைய சரியான பெயரும் கணக்கு இலக்கமும் இருக்கலாம் என்று எச்சரியுங்கள். ஐரோப்பிய டோனருடைய ஒப்பந்தத்தில் அறிவிக்கும் காலக்கெடு எழுதியிருக்கும், அதைப் பாருங்கள்; அங்குள்ள சட்டத்தில் கண்காணிப்பு அதிகாரசபைக்கு அறிவிக்க 72 மணி நேரம்.

நான் ஊழியர். என் விவரம் யாரிடம் போனது என்று எப்படிக் கேட்பது?

எழுத்தில், இரண்டு பிரதியில். இப்படி எழுதினால் போதும்: "என்னைப் பற்றிய எந்தெந்த விவரங்கள், 2024 ஜனவரி முதல் இன்றுவரை, எந்தெந்த வெளியாருக்கு, எதற்காக, எந்த வழியில் கொடுக்கப்பட்டன என்பதை எழுத்தில் அறியத் தரவும். பிழையானவற்றைத் திருத்தவும்." ஒரு பிரதியில் திகதி முத்திரை வாங்கி வைத்திருங்கள், தர மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பிச் சிட்டையை வைத்திருங்கள். 2022 ஆம் ஆண்டுச் சட்டம் பதிலளிக்கக் கொடுத்த காலம் 21 வேலை நாட்கள். பதில் திருப்தியில்லை என்றால் தரவுப் பாதுகாப்பு அதிகாரசபைக்கு மேன்முறையிட அதே சட்டத்தில் வழி வைக்கப்பட்டிருக்கிறது. சேமலாப நிதியப் பங்களிப்பிலோ பெயரிலோ பிழை என்றால் மாவட்டத் தொழில் அலுவலகத்துக்குப் போவதே நேர்வழி.

விலகிப் போனவர்களின் கோவைகளை எரித்துவிடலாமா?

எல்லாவற்றையும் வேண்டாம். யுத்தத்தில் ஆவணம் தொலைத்து அலைந்த ஊர் என்பதால் இங்கே ஒருவருக்கும் தாளை எறிய மனம் வராது. அதில் ஒரு பாதி நியாயமும் உண்டு. சேமலாப நிதியத்தை மீளப் பெறும் வயதில், ஆண் 55, பெண் 50 இல், கேட்க வரும்போது இருபது வருடத்துக்கு முந்திய சி படிவப் பிரதி தேவைப்படலாம். நியமனக் கடிதம், சம்பளப் பதிவேடு, சேமலாப, நம்பிக்கைப் பொறுப்பு நிதியப் பதிவுகள் ஆகியவற்றைப் பூட்டிய அலுமாரியில் வையுங்கள். குடும்ப விவரப் படிவம், மருத்துவ அறிக்கை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் பிரதி, பழைய சம்மதப் படிவங்கள் ஆகியவற்றைத் தேவை முடிந்ததும் அழியுங்கள். கட்டாகப் போட்டு எரித்தால் நடுத்தாள்கள் எரியாமல் மிஞ்சும். பிரித்துப் பிரித்துப் போட்டு, சாம்பலைத் தடியால் கிளறிப் பார்த்து, தண்ணீர் ஊற்றுங்கள்.